சிறுநீர்த் தடையும் இடுப்பு வலியும்: மூத்த அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை

நெசவிலும் பயிர்த்தொழிலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இடுப்பு வலி புதியதன்று. செல்லூரில் குழித்தறியில் அமர்ந்து காலை முதல் மாலை வரை மிதி மிதிப்பவரும், மேலூர்ப் பக்கத்து வயல்களில் நாள் முழுவதும் குனிந்து நிமிர்பவரும், திருமங்கலத்துக் கரிசலில் பருத்திக்குக் களை வெட்டுபவரும், பொழுது சாய்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுகிறார்கள். "உழைக்கிற உடம்பு, வலிக்கத்தானே செய்யும்" என்று தமக்குத்தாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். அதுபோலவே, அறுபது வயதைக் கடந்தவர் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், "வயதாகிவிட்டது" என்றோ, "உடம்பில் சூடு" என்றோ சொல்லி விட்டுவிடுகிறோம்.

இந்த ஆறுதல் மொழிகள் பெரும்பாலும் உண்மையே. ஆனால் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. சிற்சில சமயங்களில், அந்த வலிக்கும் அந்தத் தடைக்கும் பின்னால் புராஸ்டேட் புற்றுநோய் என்னும் வியாதி மறைந்திருக்கக் கூடும். எது தொழிலால் வரும் வலி, எது நோயால் வரும் வலி, எந்த அறிகுறிக்கு எப்போது வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பவற்றை நம் மூத்த அங்கத்தினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரப்பியும் அதன் இருப்பிடமும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு அடியில், மலக்குடலுக்கு முன்புறத்தில் அது அமைந்திருக்கிறது. வாலிபப் பருவத்தில் அது கொட்டைப்பாக்கைக் காட்டிலும் சற்றுப் பெரிதாக, ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ளதாக இருக்கும். விந்துடன் சேரும் நீரில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. சிறுநீர்ப்பையிலிருந்து புறப்படும் சிறுநீர்க்குழாய் இச்சுரப்பியின் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. இதுவே நாம் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

வயது ஏற ஏற இச்சுரப்பியில் இருவகை மாறுதல்கள் உண்டாகலாம். முதலாவது, சாதாரண வீக்கம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மிகப் பலருக்கு இது வருகிறது. இது புற்றுநோய் அன்று. பின்னாளில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டாவதுதான் புற்றுநோய். ஒருவருக்கே இவ்விரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பெரியாற்று வாய்க்காலில் நீர் பாய்ச்சும் நம் விவசாயிகள் எளிதிற் புரிந்துகொள்வார்கள். வாய்க்காலின் உட்கரை பருத்து உள்ளே சரிந்தால், அன்றே நீரோட்டம் குறைந்துவிடும். கடைமடைக்காரர் உடனே குரல் கொடுப்பார். சாதாரண வீக்கம் இத்தகையது. அது சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள உட்பகுதியில் தோன்றிக் குழாயை நெருக்குகிறது. ஆனால் கரையின் வெளிப்புறத்தில் கறையான் புற்று வைத்தால் வாய்க்காலில் நீர் குறைவதில்லை. கரையின் உள்ளீடு அரிக்கப்படுவது நெடுநாள் வரை ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறே சுரப்பியின் வெளிப்பகுதியில், மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் தொடங்குகிறது. ஆதலால் ஆரம்ப காலத்தில் அது எவ்வித அறிகுறியையும் காட்டாமல் இருப்பதே வழக்கம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். சிறுநீர்த் தடை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது புற்றுநோய் அன்று. ஆகவே திகிலடைய வேண்டியதில்லை. தடை எதுவும் இல்லை என்பதனாலேயே நோய் இல்லை என்று துணிந்துவிடவும் முடியாது.

சிறுநீர் பற்றிய அறிகுறிகள்

பின்வரும் குறைகளுள் எதுவேனும் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் வைத்தியரைக் காண்பது அவசியம். சிறுநீர் கழிக்கத் தொடங்குவதற்கே வெகுநேரம் நிற்க வேண்டியிருத்தல். தாரை மெலிந்து வலுவின்றி விழுதல். விட்டு விட்டு வருதல். முடிந்த பின்னும் சொட்டுச் சொட்டாகக் கசிதல். கழித்த பிறகும் பை காலியாகாதது போன்ற உணர்ச்சி. அடக்க முடியாத அவசரம். இரவில் பலமுறை எழுந்திருத்தல் ஆகியவை அக்குறைகள்.

இவற்றை நம் மக்கள் வெளியே சொல்வதில்லை, மறைத்தே சமாளிக்கிறார்கள். வழியில் இறங்க நேருமே என்று பஸ் பிரயாணத்தைத் தவிர்க்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண ஆண்டுதோறும் தவறாமல் வந்த பெரியவர், கூட்டத்தில் ஒதுங்க இடமிராதென்று அஞ்சி, "இந்த வருஷம் உடம்புக்கு முடியவில்லை" என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார். இன்னும் சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மதுரைச் சீமையின் கோடையில் இது தகாத வழி. நீர் குறைந்தால் சிறுநீர்க் கல்லும் கிருமித் தொல்லையும் வர வழியுண்டு. இரவில் உறங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் நீரைக் குறைத்துக்கொள்வது போதும், பகலில் குறைக்கலாகாது.

மோர், இளநீர், நன்னாரி முதலியவற்றைச் சூட்டுக்குப் பரிகாரமாக அருந்துவதை நாம் குறை கூறவில்லை. வெயிலால் உண்டான நீர்க்கடுப்பு அவற்றால் ஓரிரு நாளில் தணியும். அவ்வாறு தணியாதது வேறொன்று என்று அறிந்துகொள்ள வேண்டும். நீரிழிவும் அடிக்கடி சிறுநீர் போகச் செய்யும். இரத்தக் கொதிப்புக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகளும் அவ்வாறே. ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் சில மருந்துகள், சுரப்பி வீங்கியவர்களுக்குச் சிறுநீரை முற்றிலும் அடைத்துவிடுவதும் உண்டு. ஆகையால் தாம் உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

சிறுநீரிலோ விந்திலோ இரத்தம் காணப்படின், மூன்று வாரம் காத்திருத்தல் கூடாது. ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும், வலி சிறிதும் இல்லாவிட்டாலும், வைத்தியரிடம் சொல்லியே தீரவேண்டும். "தானே நின்றுவிட்டது" என்பது நோய் நீங்கியதற்கு அடையாளம் ஆகாது.

தறி தந்த வலியும் எலும்பு தரும் வலியும்

இப்போது நம் அங்கத்தினர்கள் ஏமாறுவதற்கு இடமுள்ள பகுதிக்கு வருகிறோம். புராஸ்டேட் புற்றுநோய் சுரப்பியை விட்டு வெளியே பரவும்போது எலும்புகளையே பெரிதும் நாடுகிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, தொடையின் மேற்பகுதி, விலா ஆகியவை அது முதலில் சென்றடையும் இடங்கள். தறியும் மண்வெட்டியும் வலி தருகின்ற இடங்களும் ஏறக்குறைய இவையே! ஆகவே பிற தொழிலாளரைக் காட்டிலும் நெசவாளரும் விவசாயியும் இவ்வலியைத் தொழிலின் தலையில் சுமத்திக் காலம் கடத்திவிடுவது எளிது.

உதாரணமாக, நாற்பது ஆண்டு தறியில் இருந்த ஒரு பெரியவரை நினைத்துப் பார்ப்போம். அவர் தம் இடுப்பு வலியை நன்கு அறிவார். மாலையில் வரும், தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றிப் படுத்தால் காலையில் குறையும், அமாவாசை விடுமுறையில் தறியில் ஏறாவிட்டால் இன்னும் குறையும். அது உழைப்பின் வலி. திடீரென்று ஒரு பருவத்தில் அந்த வலியின் குணம் மாறுகிறது. ஓய்வெடுத்தாலும் தணியவில்லை. படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, நள்ளிரவில் தூக்கத்தைக் கலைக்கிறது. வாரத்துக்கு வாரம் மிகுகிறது. உடன் பசி குறைந்து, உடம்பு இளைத்து, காரணமற்ற சோர்வும் தோன்றுகிறது. இது பழகிய வலியன்று. எலும்பைச் சோதிக்க வேண்டிய வலி. தம் பழைய வலியை நன்கறிந்த தொழிலாளியே இந்த மாறுதலையும் முதலில் உணர முடியும். அவ்வுணர்வை அவர் அலட்சியம் செய்யலாகாது.

பின்வரும் நிலைமைகளில் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். முதலாவது, வயிற்றின் அடிப்பகுதி உப்பி, சிறுநீர் அடியோடு நின்றுவிடுவது. இரண்டாவது, முதுகு வலியுடன் கால்கள் வலுவிழப்பதோ, மரத்துப்போவதோ, மலசலம் கட்டுப்பாடின்றிப் போவதோ. இது முதுகுத் தண்டு நெருக்கப்படுவதன் அறிகுறி. உடனே சிகிச்சை கிடைத்தால் நடை காப்பாற்றப்படும், தாமதித்தால் கால்கள் நிரந்தரமாக விழுந்துவிடலாம். மூன்றாவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்து வருவது.

வைத்தியர் என்ன செய்வார்?

வைத்தியர் முதலில் விவரங்களைக் கேட்பார். பின்னர்க் கையுறை அணிந்து ஆசனவாய் வழியே ஒரு விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். புற்று பெரும்பாலும் மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் தொடங்குவதால், அங்கே கடினமான முடிச்சு இருந்தால் விரலுக்குத் தென்படலாம். இச்சோதனை ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வெட்கத்தால் இதனை மறுப்பவர் பலர். நோயைக் கண்டறிவதற்குச் செய்யும் காரியத்தில் மானக்கேடு எதுவும் இல்லை.

அடுத்து, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை உண்டு. புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதப் பொருளை இது அளக்கிறது. அமெரிக்காவில் 1986-ல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கும், 1994-ல் நோயைக் கண்டறிய உதவுவதற்கும் இச்சோதனை அங்கீகரிக்கப்பட்டது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 4 நானோகிராம் என்னும் அளவைப் பலகாலம் எல்லையாகக் கொண்டு வந்தனர். ஆயினும் அது கல்லில் செதுக்கிய கோடன்று. சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொல்லையிலும், சிறுநீர்க்குழாயில் ரப்பர்க் குழாய் செருகிய பின்னும் இந்த அளவு உயரும். அளவு குறைவாயிருந்தும் நோய் இருப்பதுண்டு. ஆகவே தாளில் உள்ள எண்ணைக் கண்டு தாமே கலங்குவதும் தாமே மகிழ்வதும் வேண்டா. வைத்தியர் அதனைப் பிற விவரங்களோடு சேர்த்துப் பார்த்தே முடிவு கூறுவார். சந்தேகம் நிலைத்தால் ஸ்கேன் எடுத்து, ஊசி வழியாகச் சிறிது சதையை எடுத்து நுண்பெருக்கியில் சோதிப்பார்கள். நோய் உண்டா இல்லையா என்பதை உறுதி செய்வது இந்தச் சதைப் பரிசோதனையே.

அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களும் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழலாம். இதில் நிபுணர்களிடையே பலவாறான அபிப்பிராயங்கள் உண்டு. அமெரிக்க நாட்டின் நோய்த் தடுப்புக் குழு 2018-ல், 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை வைத்தியரோடு கலந்து தாமே முடிவு செய்யலாம் என்றும், 70 வயதுக்கு மேல் பொதுவாக அது தேவையில்லை என்றும் கூறியது. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்திருப்பின், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. அத்தகையோர் 45 வயதிலிருந்தே வைத்தியரிடம் இதைப் பற்றிப் பேசுவது நலம். இவையெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கே. அறிகுறி உள்ளவர் எந்த வயதினராயினும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவரே.

சிகிச்சையும் நம்பிக்கையும்

புற்றுநோய் என்றதும் ஆயுள் முடிந்தது என்று எண்ணுவது பழைய எண்ணம். புராஸ்டேட் புற்றுநோயில் பல வகை மிக மெதுவாக வளர்பவை. இங்கிலாந்தில் ஆரம்ப நிலையில் நோய் கண்ட 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும், ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சும் செய்து, மற்றவரை உடனடிச் சிகிச்சையின்றிக் கவனித்து மட்டும் வந்தனர். அந்த ஆராய்ச்சியின் 15 ஆண்டு முடிவுகள் 2023-ல் வெளியாயின. மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு மூவரே. ஆகவே ஆரம்பத்திற் கண்டால், சிலருக்குக் கத்தியே வேண்டியிராது. ஒழுங்காகப் பரிசோதித்து வருவதே போதுமானதாகும்.

எலும்பு வரை பரவிய பின்னும் செய்யத்தக்கது உண்டு. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்குகிறது என்பதைச் சிகாகோ நகரத்துச் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறிஞர் 1941-ல் நிலைநாட்டினார். அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றும் பரவிய நோய்க்கு அதுவே சிகிச்சையின் அடிப்படை. பிரெஞ்சு நாட்டு ஜனாதிபதியாக 1981-ல் பதவியேற்ற மித்தெரானுக்கு அவ்வாண்டிலேயே, எலும்புக்குப் பரவிய நிலையில், இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் அதைப் பல ஆண்டு நாட்டுக்கு மறைத்தார். ஆனால் வைத்தியரிடம் மறைக்கவில்லை. சிகிச்சையோடு 1996 வரை வாழ்ந்தார். தென்னாப்பிரிக்கத் தலைவர் மண்டேலா 2001-ல், தம் 83-ஆம் வயதில், தமக்கு இந்நோய் உள்ளதை உலகறியச் சொல்லிக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார். 95 வயது வரை வாழ்ந்து 2013-ல் மறைந்தார். ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். வைத்தியருக்குச் சொல்லாமலிருப்பதுதான் கேடு.

வீண் அச்சங்கள்

இந்நோய் ஒழுக்கக்கேட்டால் வருவதன்று, தொற்றிக்கொள்வதும் அன்று. ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, ஒரே வீட்டில் வாழ்வதாலோ, மனைவிக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ பரவாது. "ஊசியோ கத்தியோ பட்டால் புற்று பரவிவிடும்" என்று அஞ்சிச் சதைப் பரிசோதனைக்கு உடன்படாதவர் உண்டு. அவ்வாறு நேர்வது மிக மிக அரிது. அவ்வச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிடுபவர்களே மிகுதி. ஆண்மை குறையும் என்ற கவலையும் சிலருக்கு உண்டு. சிகிச்சைகள் சிலவற்றால் அவ்விளைவு ஏற்படக்கூடும் என்பது மெய்யே. அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டு, தமக்குத் தக்க வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

எங்கே செல்வது? நாம் என்ன செய்யலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தாலுகா ஆஸ்பத்திரிக்கோ செல்லலாம். மேற்கொண்டு வேண்டிய சோதனைகளுக்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரக நோய்ப் பிரிவுகள் உள்ளன. முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று நம் பாட்டனார் சொல்லி வந்ததும் அதுவே. சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பெற்ற புற்றுநோய் நிலையம், தென்னாட்டு மக்களுக்கு அன்றுமுதல் தொண்டாற்றி வருகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அம்மையாரை அப்பணிக்குத் தூண்டியது. சர்க்காரின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற் சேரத் தகுதியுள்ள குடும்பங்கள், நோய் வந்தபின் அலையாமல், இப்போதே அட்டையைப் பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம்.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. இரவில் எத்தனை முறை எழுகிறார், வலியால் எப்போது விழிக்கிறார் என்பதைப் பெரியவர் வைத்தியரிடம் சொல்லக் கூசுவார்; உடனிருக்கும் மனைவியும் மருமகளும் அறிவார்கள். அவர்கள் உடன் சென்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் சங்கங்களும் செய்யத்தக்கது உண்டு. நூல் கொடுத்துச் சேலை வாங்கும் நாளிலும், கூலி பட்டுவாடா செய்யும் நாளிலும், மூத்த அங்கத்தினர் எல்லோரும் சங்கத்துக்கு வருகிறார்கள். கணக்கு முடிந்தபின் காரியதரிசியோ டைரக்டர்களோ இச்செய்தியை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். ஒரு நாள் தறியை நிறுத்தினால் அந்நாள் கூலி போகுமே என்பதால்தான் பலர் ஆஸ்பத்திரிக்குச் செல்வதைத் தள்ளிப்போடுகிறார்கள். தனியாகச் செல்ல அஞ்சுபவருக்கு ஓர் அங்கத்தினர் துணை போவதும், போன நாளின் இழப்பைப் பொது நல நிதியிலிருந்து இயன்றவரை ஈடு செய்வதும் கூட்டுறவின் கடமையே. விளைச்சலையும் நூலையும் பங்கிட்டுக்கொள்ளும் நாம், கஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்வது புதுமையன்று.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதனை முடிந்துவிட்டே மேலே நெய்கிறார். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் துணி முழுதும் கெடும் என்பது அவருக்குத் தெரியும். தம் உடம்பின் விஷயத்திலும் அதே கவனத்தைச் செலுத்த வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும், சிறுநீரில் கண்ட ஒரு துளி இரத்தமும் தறியை நிறுத்திக் கவனிக்க வேண்டியவை.